இரும்பு விளைந்த காணியும் உலோகங்காட்டியும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை ஒன்று தான் கற்றதை ஊருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நம் சங்கத்துப் பெரியவர்கள் என்னைக் கேட்டபோது, எதைப் பற்றிப் பேசுவதென்று நான் பல நாள் யோசித்தேன். விண்வெளியைப் பற்றிப் பேசலாம். அணுவைப் பற்றிப் பேசலாம். ஆனால் நம் வீட்டுக்குள்ளேயே நிகழ்ந்த ஒரு காரியத்தைப் பற்றிப் பேசினால் உங்களுக்கும் பயன்படும், நான் செய்த ஒரு தவறையும் ஒப்புக்கொண்டதாகும் என்று தோன்றிற்று. ஆகவே, இரும்புத் துண்டுகள் நிறைந்த கமக் காணியிலே உலோகங்காட்டிக் கருவியை எவ்வாறு தெரிவது என்பதே என் பேச்சின் பொருள். மஹய்யாவ மலைச்சரிவிலே குடியிருக்கும் நமக்குக் கமமும் இல்லை, உலோகங்காட்டியும் இல்லையே, இது எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் மலையகத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறின என்பதை இங்குள்ள மூத்தவர்கள் அறிவார்கள். என் பெரியப்பாவும் அவ்வாறு போனவரே. அங்கே அவருக்கு ஒரு காணித்துண்டு வாய்த்தது. கிணறு வெட்டினார், மிளகாயும் கச்சானும் வைத்தார். பிறகு யுத்தம் வந்தது, ஓடினார்கள், 2009 இல் யுத்தம் முடிந்தபின் சில காலம் முகாமில் இருந்துவிட்டுத் திரும்பினார்கள். பெரியப்பா இப்போது இல்லை. அவருடைய மகன், என் அண்ணன், அந்தக் காணியைச் செய்கிறார்.

சென்ற ஆண்டு அவர் தொலைபேசியில் என்னை அழைத்தார். “தம்பி, நீ கெம்பஸ்ல பௌதிகம் படிக்கிற பையன். மண்ணுக்குள்ள இருக்கிறதக் காட்டுற மெஷின் ஒன்னு வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லு” என்றார். மண்வெட்டி போட்டால் ‘டங்’ என்கிறது. உழவு இயந்திரத்தின் டயர் மாதத்துக்கு ஒருமுறை கிழிகிறது. எறிகணைச் சிதறல், முட்கம்பி, தகரம், ஆணி என்று எங்கும் இரும்பு. இடையிடையே பித்தளைக் கோதும் செம்புக் கம்பியும் கிடக்கின்றன. அவற்றுக்குப் பழைய சாமான் வியாபாரி நல்ல விலை கொடுக்கிறார். இரும்பை விட்டுப் பித்தளையை மட்டும் காட்டும் கருவி ஒன்றிருந்தால், வாங்கிய காசு ஒரு போகத்தில் திரும்பிவிடும் என்பது அவருடைய கணக்கு. இரும்பு பிடித்த கை சும்மா இராது என்பார்கள். என் அண்ணனுடைய கை அப்படிப்பட்டது.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. படித்த படிப்புக்கு முதன்முறையாக ஒருவர் மரியாதை செய்கிறார்! மூன்று நாள் நூலகத்திலேயே இருந்தேன். அந்த மூன்று நாளில் நான் அறிந்துகொண்டதை முதலில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நான் படித்த மிஷன் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தும் இழுத்தும் காட்டுவார். சுருளோடு இணைத்த கருவியின் முள் இருபுறமும் ஆடும். 1831 இல் பரடே கண்ட உண்மை அது. மாறுகின்ற காந்தப் புலம் அருகிலுள்ள கம்பியில் மின்னோட்டத்தை உண்டாக்கும். கம்பிதான் வேண்டும் என்பதில்லை. எந்த உலோகத் துண்டிலும் உண்டாக்கும். உலோகங்காட்டி செய்வதெல்லாம் இவ்வளவே. அதன் தலையிலுள்ள சுருள், விநாடிக்குப் பல ஆயிரம் முறை மாறும் காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதிலே சிறு சுழலோட்டங்கள் எழுகின்றன. அந்த ஓட்டங்கள் தமக்கென ஒரு காந்தப் புலத்தைத் திருப்பி அனுப்புகின்றன. சுருள் அதைக் கேட்டு நம் காதில் ‘கீச்’ என்று ஒலிக்கிறது. மலையடிவாரத்தில் நின்று கூவினால் எதிரொலி வருவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த எதிரொலி மிக விரைவாகத் தேய்வது. பொருளின் ஆழம் இரண்டு மடங்கானால் எதிரொலி பாதியாகும் என்று நினைத்துவிடாதீர்கள். போகும்போது தூரத்தின் மூன்றாம் அடுக்கில் குறைகிறது. வரும்போதும் மறுபடி மூன்றாம் அடுக்கில் குறைகிறது. ஆக, சிறு பொருளொன்று இரண்டு மடங்கு ஆழத்திற்குப் போனால் அதன் குரல் ஏறக்குறைய 64 இல் ஒரு பங்காகிவிடும். ‘ஆறடி ஆழத்தில் உள்ள மோதிரத்தைக் காட்டும்’ என்று எவராவது விளம்பரம் செய்தால் அதை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள் என்பது இதிலிருந்து கிடைக்கும் முதற் பாடம்.

இனி, இரும்பு மற்ற உலோகங்களிலிருந்து வேறுபட்டது. செம்பும் பித்தளையும் சுழலோட்டத்தால் மட்டுமே பதில் சொல்கின்றன. இரும்போ தானே காந்தமாகவும் மாறிப் பதில் சொல்கிறது. ஆகவே இரண்டின் எதிரொலியும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதில்லை. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். இதனைப் பௌதிகத்தில் அவத்தை வேறுபாடு என்பார்கள். இந்த வேறுபாட்டை வைத்துக்கொண்டு, ‘இரும்பு என்றால் பேசாதே, பித்தளை என்றால் பேசு’ என்று கருவிக்குக் கட்டளையிட முடியும். அதற்கென்று ஒரு குமிழ் உண்டு.

சுருளின் அளவும் முக்கியமானது. பெரிய சுருள் ஆழமாகப் பார்க்கும். ஆனால் அதன் வட்டத்துக்குள் ஒரே சமயத்தில் ஐந்தாறு ஆணிகள் அகப்பட்டால் எல்லாக் குரலும் சேர்ந்து சந்தை இரைச்சலாகிவிடும். ஆணியின் பக்கத்தில் கிடக்கும் பித்தளையின் குரல் அந்த இரைச்சலில் அமுங்கிப்போகும். ஐந்தாறு அங்குலச் சிறு சுருள் ஆழம் குறைவாகவே பார்க்கும். ஆனால் இரண்டு ஆணிகளுக்கு நடுவேயுள்ள இடைவெளிக்குள் புகுந்து பார்க்கும். இரண்டு ‘டீ’ எழுத்துக்களை முதுகோடு முதுகு சேர்த்தது போன்ற சுருள் ஒன்றுண்டு. அதன் பார்வை வட்டமாக விரியாமல் கத்தி அலகு போல ஒடுங்கியிருக்கும். இரும்பு நிறைந்த நிலத்துக்கும் செம்மண்ணுக்கும் அது ஏற்றது.

செம்மண் என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். மண்ணைச் சிவப்பாக்குவதே இரும்புத் துருதான். ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி நம் மண்ணிலே புரட்டிப் பாருங்கள். கறுப்புத் தூள் மயிர்போல ஒட்டிக்கொண்டு வரும். அத்தகைய தூள் மிகுந்த மண்ணில், உலோகம் ஒன்றுமே இல்லாதபோதும் கருவி முணுமுணுக்கும். இதற்காக மண்ணின் குரலைக் கழித்துவிட்டுக் கேட்கும் ஏற்பாடு ஒன்று நல்ல கருவிகளில் இருக்கும். புலத்தைத் தொடர்ந்து அனுப்பாமல், விட்டு விட்டுத் துடிப்பாக அனுப்பி, இடையிலுள்ள மௌனத்தில் எதிரொலியைக் கேட்கும் வேறொரு வகைக் கருவியும் உண்டு. அது கெட்ட மண்ணிலும் நன்றாக வேலை செய்யும். ஆனால் இரும்பையும் பித்தளையையும் பிரித்துச் சொல்வதில் அவ்வளவு சமர்த்தில்லை.

இவற்றையெல்லாம் படித்தபின் அண்ணனுக்குத் தீர்ப்பெழுதினேன். தொடர் அலைக் கருவி. ஒன்றுக்கு மேற்பட்ட மீடிறன்களில் வேலை செய்வது. ஆறு அங்குல இரட்டை-டீ சுருள். உணர்திறனை முக்கால் பங்குக்குக் குறைத்து வைக்க வேண்டும். இரும்பை விலக்கும் குமிழை நடுவில் வைக்க வேண்டும். மெதுவாக, ஒரு வீச்சு மற்றொன்றின்மேல் பாதி படியும்படி வீச வேண்டும். குரல் கேட்ட இடத்தில் குறுக்காகவும் ஒருமுறை வீசிப் பார்க்க வேண்டும். தீர்ப்பு நன்றாகவே இருந்தது. இன்றைக்கும் அதில் ஒரு எழுத்தை மாற்றமாட்டேன். சுத்தமான நிலம் ஒன்றைப் பற்றிய தீர்ப்பாக அது இருக்குமானால்.

அன்றிரவு சாப்பிடும்போது இதை வீட்டில் பெருமையாகச் சொன்னேன். என் அப்பா நகரசபையில் துப்புரவுத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். பௌதிகம் படித்தவர் அல்லர். முழுவதையும் கேட்டுவிட்டு, “அது சரி. அந்தக் காணிய யாராச்சும் பார்த்துக் கொடுத்தாங்களா?” என்றார்.

எனக்குக் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. மீடிறனைப் பற்றிக் கேட்டேன்; மண்ணின் நிறத்தைக் கேட்டேன்; விலையைக் கேட்டேன். கேட்க வேண்டிய முதற் கேள்வியைக் கேட்கவில்லை. ஆழம் அறியாமல் காலை விடாதே என்ற பழமொழியைச் சின்னஞ்சிறு வயதிலே படித்தவன், அண்ணனைக் காலை விடச் சொல்லிவிட்டேன்.

உடனே அண்ணனை அழைத்தேன். காணியின் நடுப்பகுதி முறையாகப் பரிசோதிக்கப்பட்டு, கண்ணிவெடி இல்லையென்று விடுவிக்கப்பட்ட நிலமே. கடதாசி கையில் இருந்தது. ஆனால் மேற்கு வேலியோரம் பற்றை பிடித்துக் கிடந்த ஒரு கீற்றுத் துண்டு அந்தக் கடதாசியில் அடங்கவில்லை. பழைய மண்ணணை ஒன்று அதன் வழியே போயிருந்ததாம். “அங்கதான் தம்பி பித்தளை நெறைய கெடக்கு” என்றார் அண்ணன்.

பெரியோர்களே, இந்த இடத்தில்தான் என் பேச்சின் உயிர் இருக்கிறது. பித்தளை நிறையக் கிடக்கும் இடம், மனிதர்கள் நின்று சுட்ட இடம். மனிதர்கள் நின்று சுட்ட இடத்தின் முன்னே, எதிரி வராதிருக்கப் புதைத்த மிதிவெடி இருக்கும். யுத்தம் செய்த இரு தரப்பினரும் அவற்றைப் புதைத்தார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கழுத்துப் போலிருக்கும் முகமாலை, கிளாலி, நாகர்கோவில் வழியாக 2000 ஆம் ஆண்டின் பின் பல ஆண்டுகள் முன்னரங்கு நிலைகள் எதிரெதிரே நின்றன. அங்குள்ள தென்னங்காணிகளில் வரிசை வரிசையாக மிதிவெடிகள் புதைக்கப்பட்டிருந்தன. அவற்றின்மேல் ஆண்டுக்கணக்கில் எறிகணை மழை பொழிந்தது. ஆகவே ஒரே நிலத்தில் மிதிவெடியும் இருக்கும், இரும்புக் குப்பையும் இருக்கும். இரும்பு நிறைந்த கமக் காணியில் உலோகங்காட்டியைத் தெரியும் பிரச்சினை அதன் முழுக் கடுமையோடும் அங்கேதான் இருக்கிறது.

அந்த மிதிவெடிகள் எதனால் ஆனவை? பீ-4 எனப்படும் சிறு மிதிவெடியின் உடல் பிளாஸ்டிக். ஜொனி என்று பெயர் பெற்ற மற்றொன்று மரப்பெட்டியில் அடைத்தது. பீ-4 இல் உள்ள உலோகம் வெடியைத் தட்டும் சிறு ஊசி முதலிய சில உறுப்புகளே. அந்த ஊசியும் இரும்பு இனந்தான். இப்போது என் தீர்ப்பை நினைத்துப் பாருங்கள். இரும்பை விலக்கும் குமிழை நடுவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? ஆயிரம் ஆணிகளின் வாயை அடைக்கும் அந்தக் குமிழ், அந்த ஒரு ஊசியின் வாயையும் சேர்த்து அடைத்துவிடக்கூடும். பித்தளை தேடுபவனுக்குக் கருவியின் மௌனம் நேரத்தை மிச்சப்படுத்தும். மிதிவெடி உள்ள நிலத்தில் அதே மௌனம் காலை வாங்கும், உயிரையும் வாங்கும்.

இந்த அனுபவம் நமக்கு மட்டும் உரியதன்று. 1881 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்ட் சுடப்பட்டார். உடலுக்குள் குண்டு எங்கே கிடக்கிறதென்று வைத்தியர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசியைக் கண்ட கிரகம் பெல், உலோகத்தைக் காட்டும் கருவியொன்றை அவசரமாகச் செய்துகொண்டு ஓடினார். கருவி நல்ல கருவி. சோதனைகளில் குண்டைக் காட்டிற்று. ஆனால் ஜனாதிபதியின் மேல் பிடித்தபோது எங்கு பார்த்தாலும் முணுமுணுப்புக் கேட்டது. பிறகுதான் தெரிந்தது, அவர் படுத்திருந்த மெத்தைக்குள் உருக்குச் சுருள்கள் இருந்தன என்று. போதாக்குறைக்கு, தலைமை வைத்தியர் உடலின் வலப்புறத்தையே தேடச் சொன்னார். குண்டோ இடப்புறத்தில் இருந்தது. செப்டெம்பரில் ஜனாதிபதி காலமானார். பின்னர் 1941, 42 ஆம் ஆண்டுகளில் கொசாக்கி என்ற போலந்துப் படை அதிகாரி, ஒருவர் கையில் தூக்கிச் செல்லக்கூடிய கண்ணிவெடிகாட்டியைச் செய்து, உரிமைக் கட்டணம் கேளாமல் பிரித்தானியப் படைக்குக் கொடுத்தார். 1942 இல் எல் அலமெயின் போரில் அது பயன்பட்டது. அக்காலத்துக் கண்ணிவெடிகள் பெரும்பாலும் இரும்பாலானவை. ஆகவே அவற்றைக் காண்பது எளிதாயிற்று. கருவி வந்ததும் கண்ணிவெடி செய்பவர்கள் பிளாஸ்டிக்குக்கும் மரத்துக்கும் மாறினார்கள்!

பிரான்சிலும் பெல்ஜியத்திலும் 1914 முதல் 1918 வரை நடந்த யுத்தத்தின் எறிகணைகளைக் கமக்காரர்கள் இன்றும் உழும்போது கண்டெடுக்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘இரும்பு அறுவடை’. நூறாண்டு கடந்தும் அந்த அறுவடை முடியவில்லை. வெடி அகற்றுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இத்தகைய நிலத்தில் வைக்கும் விதி மிக எளிது: எந்தக் குரலையும் தள்ளக்கூடாது. ஆணியாயினும் சரி, தகர மூடியாயினும் சரி, கேட்ட ஒவ்வொரு குரலையும் மிதிவெடி என்றே கொண்டு, பக்கவாட்டில் மெதுவாகத் தோண்டிப் பார்த்தே ஆக வேண்டும். ஒரு மிதிவெடியை எடுப்பதற்குள் நூற்றுக்கணக்கான இரும்புத் துண்டுகளை அவ்வாறு எடுக்க நேரும். கருவியைத் தெரியும்போதும் அவர்கள் விளம்பரத்தைப் பார்ப்பதில்லை. வேலை செய்யப் போகும் அதே மண்ணில், விதியில் குறித்த ஆழத்தில், அந்த மிதிவெடியை ஒத்த சிறு உலோகத் துண்டைப் புதைத்து, கருவி அதைக் காட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். காலையில் வேலை தொடங்குமுன் மீண்டும் அதைப் பார்க்கிறார்கள். காட்டாத கருவி, எவ்வளவு விலை உயர்ந்ததாயினும், அன்றைக்கு வேலைக்குப் போகாது.

அப்படியானால் இரும்பு அளவுக்கு மிஞ்சிய நிலத்தில் என்ன செய்வது? கருவி ஓயாமல் கத்திக்கொண்டிருந்தால் அது கத்துவதற்கும் கத்தாமலிருப்பதற்கும் வேற்றுமை இல்லை. சில நாடுகளில் மோப்ப நாய்களை விடுகிறார்கள். மொசாம்பிக்கிலும் கம்போடியாவிலும் பழக்கப்பட்ட பெரிய எலிகளையே விட்டார்கள். அவை இரும்பைக் கவனிப்பதில்லை. வெடிமருந்தின் வாசனையை மட்டும் முகர்கின்றன. கம்போடியாவில் வேலை செய்த மகாவா என்ற எலிக்கு 2020 இல் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள், ஆனால் உண்மை. நிலத்தை ஊடுருவும் ராடார் அலையையும் உலோகங்காட்டியையும் ஒன்றாகச் சேர்த்த கருவிகளும் வந்துள்ளன.

ஆனால் நம் நாட்டில், வடக்கிலே, 2000 ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் நோர்வே மக்கள் உதவி நிறுவனத்தார் ஒழுங்குபடுத்திய முறை இவையெல்லாவற்றிலும் எளியது. அவர்கள் எடுத்த கருவி எது தெரியுமா? குப்பை வாரும் வாரி! நீண்ட பிடி போட்ட இரும்பு வாரி. இரண்டு வகை வாரிகள் உண்டு. கனமான வாரியால் மண்ணை இளக்குகிறார்கள். இலேசான வாரியால் இளகிய மண்ணைத் தம் பக்கமாக இழுக்கிறார்கள். சுத்தமாக்கிய நிலத்தில் நின்றுகொண்டு, முன்னேயுள்ள மண்ணைக் கரைபோல வெட்டி, அந்தக் கரையைக் குறித்த ஆழம் வரையில் கொஞ்சங் கொஞ்சமாகச் சரிக்கிறார்கள். மேலிருந்து அழுத்தினால்தான் மிதிவெடி வெடிக்கும். ஆகவே பக்கவாட்டில் வருவதே உபாயம். தவறிப்போய் ஒன்று வெடித்தாலும் நீண்ட பிடி ஆளைச் சற்றுத் தூரத்தில் நிறுத்துகிறது. முகத்தில் மறைப்பும் உடலில் கவசமும் இருக்கின்றன. மண் முழுவதுமே புரட்டப்படுவதால், பிளாஸ்டிக்கோ மரமோ இரும்போ எதுவாயினும் கண்ணுக்கு முன்னால் வந்துதான் தீரும். கருவியின் காதை நம்புவதற்குப் பதிலாக மனிதனின் கண்ணை நம்பும் முறை இது. மெதுவான முறைதான், ஆனால் இரும்பு மலிந்த நிலத்தில், குரலுக்குக் குரல் நின்று தோண்டுவதைப் பார்க்க இதுவே விரைவு.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். இதை நான் அப்பாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “வாரிய எப்பவும் நம்ம பக்கமாத்தான் இழுக்கணும். தள்ளக் கூடாது” என்றார். நாற்பது ஆண்டு கண்டி வீதிகளில் வாரி பிடித்த கை அது. இந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கும் எத்தனையோ பேருடைய பாட்டனாரும் தகப்பனாரும் தாயாரும் அதே வாரியைப் பிடித்தவர்கள்தாம். அந்தக் கருவியை நம் கையில் கண்டு நம்மைத் தாழ்வாகப் பார்த்தவர்கள் உண்டு. அதே கருவியைப் பிடித்துத்தான் வடக்கிலே மண் மீட்கப்படுகிறது. அதைப் பிடிப்பவர்களில் பலர் பெண்கள். கணவனை இழந்து, பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் தாய்மார்கள். ஹலோ டிரஸ்ட், மாக் முதலிய வெளிநாட்டு அமைப்புகளிலும், டாஷ், ஷார்ப் என்ற உள்நாட்டு அமைப்புகளிலும், இராணுவத்தின் மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றும் பிரிவிலும் வேலை செய்வோர், வெயிலில் கவசத்தோடு முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக அந்த நிலத்தை மீட்டு வந்திருக்கிறார்கள். மிதிவெடியைத் தடை செய்யும் ஒப்பந்தத்தில் 2017 டிசெம்பர் 13 ஆந் திகதி இலங்கையும் சேர்ந்தது. நாடு முழுவதும் துப்புரவாவதற்கு அதன்படி குறித்த கெடு 2028 யூன் 1.

நிற்க. அண்ணனுடைய காணிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கருவி வாங்கவில்லை. கிராம சேவகரிடம் சொன்னார். அவர் மூலமாக உரியவர்களுக்குச் செய்தி போயிற்று. சில வாரங்களின் பின் ஆட்கள் வந்து பார்த்தார்கள். சிவப்புக் குறி நட்டு எவரும் போகாதபடி தடுத்தார்கள். பிறகு ஒரு குழு வந்து வேலை செய்தது. வேலியோரத்துக் கீற்றிலிருந்து உள்ளங்கையளவான ஒரு பிளாஸ்டிக் மிதிவெடியை எடுத்தார்கள். ஒன்றுதான். அண்ணனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் அந்த வேலியோரத்தில்தான் ஆட்டுக்குக் குழை ஒடிப்பாள். இதைத் தொலைபேசியில் சொன்னபோது அண்ணன் மேற்கொண்டு பேச முடியாமல் கைப்பேசியை அண்ணியிடம் கொடுத்துவிட்டார்.

விடுவிக்கப்பட்ட நடுக்காணியிலுள்ள இரும்புக்கு வேறு வழி செய்தோம். சற்று எண்ணிப் பாருங்கள்: அங்கே அண்ணனுடைய உண்மையான தொல்லை டயர் கிழிவதும் காலில் குத்துவதும். அதற்குக் காரணம் இரும்பு. இரும்பை விலக்கிப் பித்தளையைக் காட்டும் கருவி அவருக்கு என்ன செய்யும்? கிழிக்கிற இரும்பை நிலத்திலேயே விட்டுவைக்கும்! ஆகவே பழைய ஒலிபெருக்கிகளிலிருந்து கழற்றிய காந்தங்களை ஒரு சட்டத்தில் வரிசையாகப் பூட்டி, நிலத்துக்குச் சற்று மேலே தொங்கும்படி உழவு இயந்திரத்தின் பின்னால் கட்டினார். உழுது இளகிய மண்ணில் இரண்டு மூன்று முறை இழுத்தபோது ஆணியும் கம்பியும் சில்லறைச் சிதறலும் ஒட்டிக்கொண்டு வந்தன. பெரிய துண்டுகளைப் பிள்ளைகளைக் கிட்ட விடாமல் கண்ணால் பார்த்து எடுத்தார். இன்னதென்று தெரியாத எதையும் தொடுவதில்லை என்று கட்டளை செய்துகொண்டார். பரிசோதித்து விடுவித்த நிலமென்றால் குறித்த ஓர் ஆழம் வரையில்தான் என்பதையும் மறக்கக்கூடாது. அதற்குக் கீழே கிணறோ குழியோ வெட்டப் போகிறவர் மீண்டும் ஒருமுறை விசாரிப்பதே நல்லது.

ஆகவே, இளைஞர்களே, உலோகங்காட்டி வாங்க விரும்புவோருக்கு நான் சொல்லக்கூடியது நான்கு கேள்விகளே. அவற்றை இந்த வரிசையில்தான் கேட்க வேண்டும். நான் வரிசையைத் தலைகீழாகக் கேட்டவன்.

முதலாவது, இந்த நிலத்தைப் பற்றி யாருக்குத் தெரியும்? யுத்தம் நடந்த இடமாயின், விடுவித்த கடதாசி இல்லாத ஓரடி நிலத்திலும் கருவியோடு கால் வைக்காதீர்கள். பழைய விகாரை, கோயில், கட்டடச் சிதைவுகள் உள்ள இடமாயின் அங்கே தோண்டுவது 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்துக்கு மாறானது. புதையல் ஆசையால் சிறைக்குப் போனவர்களின் கதை பத்திரிகையில் அடிக்கடி வருகிறது.

இரண்டாவது, எதைத் தவறவிடக்கூடாது? தொலைந்த தாலியாயின் ஒரு கருவி. டயர் கிழிக்கும் ஆணியாயின் வேறொன்று. எது அகப்பட வேண்டும் என்று கேட்பதைவிட, எது தப்பிப் போனால் கேடு வரும் என்று கேட்பதே நல்ல கேள்வி.

மூன்றாவது, மண் எப்படிப்பட்டது, இரும்பு எவ்வளவு? இரும்பு மிகுந்தால் சிறு சுருள், குறைந்த உணர்திறன், மெதுவான வீச்சு. செம்மண்ணாயின் மண்ணின் குரலைக் கழிக்கும் ஏற்பாடு. காசு கொடுக்குமுன், தேடப் போகும் பொருளைப் போன்ற ஒன்றை அதே மண்ணில் புதைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

நான்காவது, கருவி வேண்டவே வேண்டாமா? இந்தக் கேள்வியைக் கடைக்காரர் கேட்கமாட்டார். நாம்தான் கேட்க வேண்டும்.

கல்வி கற்ற நமக்கு ஒரு குறை உண்டு. ஒருவர் கேள்வி கேட்டதும், நமக்குத் தெரிந்த விடையைச் சொல்ல ஓடுகிறோம். அவர் எந்த நிலத்தில் நின்றுகொண்டு கேட்கிறார் என்று பார்ப்பதில்லை. நான் அண்ணனுக்குச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் விஞ்ஞானப்படி சரியே. ஆயினும் அந்தச் சரியான விடையோடு அவர் மேற்கு வேலிக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உறக்கம் கலைகிறது. அப்பா கேட்ட ஒரு கேள்வி அதைத் தடுத்தது.

இங்கே இருக்கும் பிள்ளைகள் நாளைக்குப் பல்கலைக்கழகம் போவீர்கள். பொறியியலும் வைத்தியமும் கற்பீர்கள். வடக்கிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ ஒருவர் உங்களிடம் ஆலோசனை கேட்டு வருவார். விடை சொல்லுமுன் அதை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். வாரி பிடித்த அந்தக் கைகளுக்கு, நிலத்தைப் பற்றி நாம் புத்தகத்தில் காணாத சில விஷயங்கள் தெரியும்.